இரண்டாம் ஆள்

எபோலா முகாமில் முதல் விதி:
தனியாக உள்ளே போகக் கூடாது.
நீல மையில் எழுதி
தார்ப்பாய்ச் சுவரில் ஒட்டியிருக்கிறது.
இருவர் இருவராகத்தான்.
கண்ணாடிக்கும் முகமூடிக்கும் நடுவே
ஒருவருக்குத் தோல் தெரிந்தால்
மற்றவர் சொல்ல.
ஒருவர் மயங்கினால்
மற்றவர் கை அசைக்க.

என் இரண்டாம் ஆள் தம்பா.
திங்கள் வரைக்கும்.
செவ்வாய் காலை
அவன் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்தவள்
எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை.
தம்பா காலணியைக் கழற்றி
வேலிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு
அந்தப் பக்கம் நடந்தான்.
"கார்மாய், என் பைக் சாவி
மேசை டிராயரில் இருக்கு."
அவ்வளவுதான்.

லோஃபாவில் அது மழைக்காலம்.
தகரக் கூரைமேல் விடிய விடிய
யாரோ அரிசி புடைப்பதுபோல் மழை.
என் கையில் குளோரின் நாற்றம்.
சோற்றில் குளோரின். கனவிலும்.
சந்தையில் மிளகாய்க்காரி
சில்லறையை என் உள்ளங்கையில் தராமல்
பலகைமேல் வைத்து நகர்த்தினாள்.
அவளைக் குறை சொல்ல மாட்டேன்.
நானும் என் மகனை
ஒரு மாதமாய்த் தூரத்திலிருந்துதான் பார்க்கிறேன்.
வாசலில் நின்று முழங்கையை ஆட்டுவான்,
அதுதான் எங்கள் முத்தம்.

ஞாயிறுதோறும் பாஸ்டர் சுமோ
ஆரஞ்சு வலைவேலிக்கு வெளியே
ஒலிபெருக்கியோடு நின்று பிரசங்கித்தார்:
விசுவாசம் உள்ளே வந்தால்
பயம் வெளியே ஓடும்.
ஆமென் என்றேன்.
ஓடவில்லை.
முன்பணம் கொடுத்துக் குடிவந்ததுபோல்
என் வயிற்றுக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தது.

செவ்வாய் இரவு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
ஜெபித்தேன் என்றால் பொய்.
சண்டை போட்டேன்.
ஆண்டவரே, நீர் குஷ்டரோகியைத் தொட்டீர்,
வெறும் கையால்.
நானோ மூன்று கையுறை மாட்டி
மணிக்கட்டில் டேப் சுற்றி
அப்படியும் நடுங்குகிறேன்.
இதையும் தொடுதல் என்று
உம் கணக்கில் எழுதுவீரா?

தவளைகள் கத்தின.
வேறு சத்தம் இல்லை.

வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது:
தோட்டத்தில் அந்த இரவு
அவரும் வியர்த்தார்.
இந்தப் பாத்திரம் நீங்காதா என்று
அவரும்தான் கேட்டார்.
கூட வந்தவர்கள் தூங்கிவிட்டார்கள்.
அவருக்கும்
இரண்டாம் ஆள் இல்லை.

எழுந்து பாவாடையில் ஒட்டிய சேற்றைத் தட்டினேன்.
தூக்கம் வந்தது,
நான்கு நாளில் முதல்முறை.

புதன்.
"தனியாய் அனுப்ப முடியாது" என்றார் கொலுபா, மேற்பார்வையாளர்.
"நான் தனி இல்லை" என்றேன்.
ஏட்டிலிருந்து தலை தூக்கினார். புரிந்துவிட்டது.
"உங்கள் முகத்தில் தோல் தெரிந்தால்
அவர் சொல்வாரா, சிஸ்டர்?"
சிரித்துவிட்டேன். அவரும்தான்.
பிறகு பேனாவை மூடினார்.
பயிற்சி எடுத்தவர், ஆனால்
மாதக்கணக்கில் வாசலைத் தாண்டாதவர்,
ஊசியைக் கண்டால் முகம் திருப்புகிறவர்,
மஞ்சள் உடுப்புக்குள் காலை நுழைத்து
ஜிப் இழுக்க விரல் வராமல்
என் முன்னால் வந்து நின்றார்.
இழுத்துவிட்டேன்.
ஒருவர் நெஞ்சில் ஒருவர்
பெயரை எழுதிக்கொண்டோம்.
உள்ளே யாருக்கும் முகம் கிடையாது.

மூன்றாம் கட்டிலில் யாசா, ஏழு வயது.
பக்கத்துக் கட்டில் அவள் அம்மாவுடையது,
இப்போது மெத்தை இல்லை.
என் நெஞ்சில் இருந்ததை
எழுத்துக்கூட்டிப் படித்தாள்: கா-ர்-மா-ய்.
படித்து முடித்து
என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.
மூன்று ரப்பர் தாண்டி
அவள் காய்ச்சல் என்னிடம் வந்தது, வெறும் சூடாக.
அதே வழியில் என்னிடமிருந்தும்
ஏதாவது போயிருக்க வேண்டும்.
கையை விடவில்லை அவள்.
வயிற்றுக்குள் படுத்திருந்தது
எழுந்து உட்கார்ந்து பார்த்தது.
பார்க்கட்டும் என்று விட்டேன்.

சந்தேக வார்டின் ஓரத்தில் தம்பா.
உதடு வெடித்திருந்தது.
"இன்னிக்கு யாரு ரெண்டாம் ஆள்?"
கொலுபா கையை உயர்த்தினார்.
அந்தக் கை ஆடியதை
மூவரும் பார்த்தோம்.
"பைக்குக்கு எண்ணெய் மாத்தணும்" என்றான் தம்பா,
"மறந்துடாதே."

அவனுக்குத் தண்ணீர் புகட்டக் குனிந்தேன்.
வியர்வை கண்ணில் இறங்கி
எல்லாம் கலங்கியது.
பின்னாலிருந்து ஒரு குரல்,
முகமூடிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு:

"சிஸ்டர், புருவத்துப் பக்கம்
தோல் தெரிகிறது.
வாருங்கள், வெளியே போகலாம்."